எழுத்துரு மாற்றும் சிறு லைப்ரரி ஒன்றை பைத்தான் 3.12-க்குக் கொண்டுசென்றது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யூனிகோடு பரவுவதற்கு முன்பு கணினியில் அச்சுக்கோக்கப்பட்ட தமிழ் நூல்களின் கோப்புகள், இன்றும் பதிப்பகங்களிலும் தனிப்பட்ட சேகரிப்புகளிலும் திஸ்கி, தாப், தாம், பாமினி முதலிய பழைய குறியாக்கங்களிலேயே (எழுத்துகளுக்கு எண் தரும் முறைகள்) கிடக்கின்றன. தாப், தாம் இரண்டையும் 1999-இல் தரமாக ஏற்ற தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் உருவான கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. அவற்றைப் படித்து யூனிகோடு உரையாகத் தரும், பைத்தான் நிரல்மொழியில் எழுதிய சிறிய லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றைப் புதிய மொழிப் பதிப்புக்கு ஏற்ப மாற்றியமைத்த நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன்.

பைத்தான் 2.7, 3.4 ஆகிய இரண்டும் அருகருகே புழங்கிய காலத்தில் ஒரே ஒருவர் எழுதிய லைப்ரரி இது. வேறு எந்த லைப்ரரியையும் சாராதது. ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் ஓர் அட்டவணை உண்டு. உரையில் அட்டவணையின் இடப்பக்கச் சரம் (எழுத்துத் தொடர்) வரும் இடத்திலெல்லாம் வலப்பக்கச் சரத்தை இட்டுக்கொண்டு போவதுதான் அதன் வேலை. பயனர் தாமே ஓர் அட்டவணைக் கோப்பை எழுதிக் கொடுக்கவும் வழி இருந்தது. எழுதியவர் வேறு பணிகளுக்குச் சென்றுவிட்ட பிறகு, இரு தன்னார்வலர்கள் அதைப் பராமரித்து வந்தார்கள். வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

பிழை அறிக்கை

2024 ஏப்ரலில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. அதனுடன் வரும் பைத்தான் 3.12. பழைய நூல்களை மின்னூலாக்கும் ஒருவர் தம் கணினியை அந்தப் பதிப்புக்கு உயர்த்திய பின், லைப்ரரி சிக்கலின்றி நிறுவப்படுவதாகவும், ஆனால் அதை இறக்குமதி செய்யும் முதல் வரியிலேயே டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் (நிரல் கூறு) இல்லை என்ற பிழைச்செய்தி வருவதாகவும் எழுதியிருந்தார்.

பராமரிப்பாளர்களுள் ஒருவர் தம் கணினியில் பைத்தான் 3.12-ஐ வைத்துச் சோதனைகளை ஓட்டிப் பார்த்தார். சோதனைகள் பல விழுந்தன; ஆனால் அவை விழுந்த காரணம் வேறு. பைத்தானின் சோதனை மாட்யூலான யூனிட்டெஸ்டில் நெடுங்காலமாகக் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருந்த சில பழைய செயலிப் (ஃபங்ஷன்) பெயர்களை 3.12 நீக்கிவிட்டது, சோதனைகள் அந்தப் பெயர்களையே பயன்படுத்தின. பெயர்களை மாற்றியதும் எல்லாச் சோதனைகளும் தேறின. பயனர் சொன்ன பிழை மட்டும் அவருக்கு வரவே இல்லை.

ஏன் ஒரு கணினியில் மட்டும் விழுந்தது

இந்தக் கேள்விக்கான விடைதான் பின்னால் எடுத்த பல முடிவுகளுக்கு அடிப்படையாக அமைந்தது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டிஸ்ட்யூட்டில்ஸ் என்பது பைத்தானின் உள்ளேயே நெடுங்காலம் இருந்த மாட்யூல்; லைப்ரரிகளைப் பொதிகட்டி நிறுவுவதற்கானது. அதைக் கைவிடும் முடிவு பெப் 632 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு வழியாக எடுக்கப்பட்டு, 2021 அக்டோபரில் வந்த 3.10 முதல் எச்சரிக்கை தரப்பட்டு, 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் அது நீக்கப்பட்டது. நம் லைப்ரரி அதைப் பொதிகட்டுவதற்கு மட்டுமல்லாமல் ஓடும்போதும் இரண்டு இடங்களில் பயன்படுத்தியது: அமைப்புக் கோப்பில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களை உண்மை, பொய் மதிப்புகளாக மாற்ற ஓர் இடத்தில், பைத்தான் பதிப்பு எண்களை ஒப்பிட மற்றோர் இடத்தில். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான நிரல்களில் இதே இரண்டு பயன்பாடுகள் இருந்தன. எழுதியவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

பொதிகட்டுவதற்கான தனிக் கருவியான செட்டப்டூல்ஸ் நிறுவப்பட்டிருக்கும் சூழலில், அது தன்னுள் வைத்திருக்கும் டிஸ்ட்யூட்டில்ஸின் படியை அந்தப் பெயரிலேயே தருகிறது. பராமரிப்பாளரின் சூழலில் வேறு ஏதோ கருவிக்காக செட்டப்டூல்ஸ் இருந்தது, ஆகவே 3.12-இலும் நிரல் ஓடியது. பயனரின் கணினியிலோ நிலைமை வேறு. உபுண்டுவின் புதிய பதிப்புகள் அமைப்பின் பைத்தானுக்குள் நிறுவல் கருவியான பிப் மூலம் நேரடியாக எதையும் நிறுவ விடுவதில்லை. அதனால் அவர் புதிதாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டை (அமைப்பிலிருந்து பிரிந்த தனிச்சூழல்) உருவாக்கினார். 3.12 முதல் அப்படி உருவாகும் தனிச்சூழலில் செட்டப்டூல்ஸ் தானாக இடம்பெறுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. பொதியைக் கட்டும் நேரத்தில் மட்டும் பிப் ஒரு தற்காலிகச் சூழலை உண்டாக்கி அதில் செட்டப்டூல்ஸைக் கொண்டுவருவதால் நிறுவல் வெற்றி பெற்றது; அந்தத் தற்காலிகச் சூழல் கலைந்த பிறகு, இறக்குமதி தோற்றது.

மூன்று தனித்தனி மாற்றங்கள் ஒரே நேரத்தில் ஒரே பயனரிடம் சந்தித்திருந்தன. மூன்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. இதைக் கண்டறிந்தபின், எல்லாச் சோதனைகளையும் வெறுமையான புதிய தனிச்சூழலில், மூலக் கோப்புறையிலிருந்து அல்லாமல் கட்டி நிறுவிய பொதியின் மீதே ஓட்டுவது என்று முடிவானது. அப்படி ஓட்டியதும், அட்டவணைக் கோப்புகளைப் பொதிக்குள்ளிருந்து படிக்கும் இடமும் விழுந்தது. அதுவும் செட்டப்டூல்ஸைச் சேர்ந்த வேறொரு மாட்யூலைச் சார்ந்திருந்தது.

எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கிப் பார்த்தது

அடுத்து, பைத்தான் 3.11-க்குத் திரும்பி, எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும்படி அமைத்துச் சோதனைகளை ஓட்டினார்கள். ஒரு வசதி கைவிடப்படுகிறது என்று சொல்லும் கைவிடல் எச்சரிக்கைகள் பைத்தானில் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. நேரடியாக இயக்கப்படும் கோப்பில் எழுபவை மட்டுமே தெரியும். லைப்ரரிக்குள் எழுபவை பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். ஆனால் பராமரிப்பவர் கேட்டு வாங்காவிட்டால் அவருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன. கோப்புகளை நிரலுக்குள் ஏற்றும் இம்ப் என்ற மாட்யூல் 2014-இல் வந்த 3.4 முதலே கைவிடல் பட்டியலில் இருந்தது. அதை 3.12 நீக்கியது. பயனரின் சொந்த அட்டவணைக் கோப்பை ஏற்றும் செயலிக்குள் மட்டுமே அது அழைக்கப்பட்டதாலும், அந்தச் செயலிக்குச் சோதனையே இல்லாததாலும், அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொரு வகை எச்சரிக்கை பின்சாய்கோடு பற்றியது. பைத்தான் சரத்தில் பின்சாய்கோட்டை அடுத்து, பொருள் வரையறுக்கப்படாத எழுத்து வந்தால், மொழி இரண்டையும் அப்படியே விட்டுவிடும். 3.6 முதல் இதற்குக் கைவிடல் எச்சரிக்கை உண்டு, 3.12 அதை எல்லோருக்கும் தெரியும் தொடரியல் எச்சரிக்கையாக உயர்த்தியது. இந்த லைப்ரரியில் அது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல. பழைய எழுத்துரு ஒன்றில் ஷகரம் பின்சாய்கோட்டின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஷ், ஷா, ஷி முதலியவை அட்டவணையில் பின்சாய்கோட்டில் தொடங்கும் சரங்களாக இருந்தன. பின்னால் வரும் குறிகள் பைத்தானில் வேறு பொருள் பெறாதவையாக அமைந்ததால்தான் இத்தனை ஆண்டுகளாக அது ஓடியது. மொழி ஒரு நாள் இதைப் பிழையாக்கினால் அட்டவணையே ஏற்றப்படாது.

முடிவு: ஒன்றல்ல, இரண்டு வெளியீடுகள்

இந்த இடத்தில் பராமரிப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஒருவர், 2.7 ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிந்துவிட்டதால் அதற்கான ஒட்டுவேலைகள் அனைத்தையும் நீக்கி, நிரலைப் புதிதாக ஒழுங்குபடுத்தி, ஒரே வெளியீடாகத் தரலாம் என்றார். மற்றவர், பழைய கோப்புகளை மாற்றும் கருவியைப் பயன்படுத்துவோரிடம் பழைய கணினிகள்தான் இருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டினார். ஒரு சிறு பதிப்பகத்தில் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காகவே வைத்திருந்த கணினியில் 2.7 அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

இருவர் சொன்னதும் சரி. விடை பிப் எவ்வாறு இயங்குகிறது என்பதில் இருந்தது. ஒரு வெளியீடு தனக்குத் தேவையான குறைந்தபட்ச பைத்தான் பதிப்பை அறிவித்திருந்தால், 2016 நவம்பரில் வந்த பிப் 9.0 முதல், பழைய பைத்தானில் நிறுவும்போது அந்த வெளியீட்டைத் தாண்டி, பொருந்தும் கடைசி வெளியீட்டை எடுத்துக்கொள்ளும். ஆகவே 2.7-ஐ விடுவது அந்தப் பயனர்களைத் தெருவில் விடுவதாகாது. ஆனால் அவர்கள் நிரந்தரமாகத் தங்கிவிடப்போகும் வெளியீடு எது என்பதை அது தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு வரும் எந்தத் திருத்தமும் அவர்களைச் சென்றடையாது. எனவே பழைய பதிப்புகளுக்கான கடைசி வெளியீட்டில்தான் அதிகக் கவனம் தேவை என்று நான் எழுதினேன். இருவரும் அதை ஏற்றார்கள்.

முதல் வெளியீட்டில் 3.12-இல் ஓடத் தேவையானவை மட்டும். மாற்று உரையில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. பழைய பதிப்புகள் அனைத்தும் தொடரும். இரண்டாம் வெளியீட்டில் பழைய பதிப்புகளை விடுவதும், வெளியீட்டு உரையை மாற்றக்கூடிய திருத்தங்களும். 3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரில் முடிவதால், இரண்டாவதை அதற்குப் பிறகு வெளியிட்டு, குறைந்தபட்சம் 3.9 என அறிவிக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள்.

3.12-க்கு மேல் செல்லாதபடி ஓர் உச்ச வரம்பையும் அறிவிக்க வேண்டும் என்ற யோசனையும் வந்தது. சோதித்துப் பார்க்காத பதிப்பில் ஓடுவதாகச் சொல்வது நேர்மையல்ல என்பது அதன் அடிப்படை. அந்த அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் விளைவு எதிர்மாறாக இருந்திருக்கும். 3.13 வைத்திருப்பவர் நிறுவும்போது, உச்ச வரம்புள்ள வெளியீட்டை பிப் ஒதுக்கிவிட்டு, வரம்பே அறிவிக்காத பழைய வெளியீட்டைத் தேடிச் செல்லும். அதாவது, டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லாமல் விழும் அதே வெளியீடு அவருக்குக் கிடைத்திருக்கும். யோசனை கைவிடப்பட்டது.

முதல் வெளியீட்டின் பணி

ஆம், இல்லை மதிப்புகளை மாற்றும் செயலியைச் சில வரிகளில் லைப்ரரிக்குள்ளேயே எழுதிக்கொண்டார்கள். மூலச் செயலி ஏற்ற சொற்கள் அனைத்தையும் இதுவும் ஏற்றது, அறியாத சொல்லுக்கு அதே வகைப் பிழையை எழுப்பியது. பதிப்பு எண் ஒப்பீட்டுக்கு பைத்தானே தரும் எண் தொகுதி போதுமானதாக இருந்தது. செட்டப்டூல்ஸைச் சார்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஒரே வரியில் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் அதில் பயன்பட்ட மாட்யூலும் கைவிடல் பட்டியலில் இருந்தது. இன்னொரு நாள் இதே நிலை வரும்.

பொதிக்குள் இருக்கும் கோப்பைப் படிக்க, புதிய வழி 3.9-இல்தான் முழுமையாகக் கிடைக்கிறது. தேவையான செயலி, 2.7 முதல் இன்று வரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல், பிகேஜியுடில் மாட்யூலில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். புதியதே எப்போதும் சரி என்று போகாமல் இதைத் தேர்ந்தது எனக்கு நிறைவளித்தது. இரண்டாம் வெளியீட்டிலும் அது மாற்றப்படவில்லை.

இம்ப் மாட்யூலுக்கு மாற்றாக இம்போர்ட்லிப் என்ற மாட்யூலின் வழியை எழுதியதும் புதிய சிக்கல் ஒன்று தெரியவந்தது. கோப்பின் பாதையைக் கொடுத்து ஏற்றும் எளிய வழி, கோப்புப் பெயரின் பின்னொட்டு பைத்தானுடையதாக இல்லாவிட்டால் பிழையேதும் சொல்லாமல் வெறுமையைத் திருப்பித் தருகிறது. பயனர்களின் அட்டவணைக் கோப்புகள் வேறு பின்னொட்டுடன் இருந்தன. எந்த ஏற்றியைப் பயன்படுத்த வேண்டும் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட்ட பிறகே அது சரியானது. சோதனையில் பைத்தான் பின்னொட்டு உள்ள மாதிரிக் கோப்பை மட்டும் வைத்திருந்தால் இது பயனரிடம் போய்தான் வெடித்திருக்கும். பயனர்கள் அனுப்பிய உண்மையான கோப்புகளைச் சோதனையில் சேர்த்ததால் தப்பியது.

பின்சாய்கோட்டுத் திருத்தத்தை ஒரு பங்களிப்பாளர் மொத்தத் தேடி-மாற்று முறையில் செய்து அனுப்பினார்: எல்லாச் சரங்களையும் மூலச் சரங்களாக்கிவிட்டார் (பின்சாய்கோட்டுக்குச் சிறப்புப் பொருள் தராத சரங்கள் இவை). எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. ஆனால் அட்டவணையின் வலப்பக்கத்தில் தமிழ் எழுத்துகள் யூனிகோடு எண்களாக, பின்சாய்கோட்டுடன் எழுதப்பட்டிருந்தன. பைத்தான் 3-இல் மூலச் சரத்துக்குள் அந்த எண்கள் எழுத்தாக மாறுவதில்லை. விளைவாக, தமிழ் எழுத்துக்குப் பதில் எண் வரிசையே உரையில் வந்தது. தேடல் வடிவங்களில் மட்டும் இது தெரியவில்லை. அவற்றில் உள்ள எண்களை அந்தத் தேடல் மாட்யூலே புரிந்துகொள்கிறது. இறுதியில், இடப்பக்கச் சரங்களில் பின்சாய்கோட்டை இரட்டிப்பாக்கி, வலப்பக்கத்தைத் தொடாமல் விட்டார்கள்.

பழைய வெளியீட்டை 3.8-இலும், திருத்தியதை 2.7, 3.8, 3.12 ஆகியவற்றிலும் ஓட்டி, ஒரே நூல்களின் மாற்று உரைகளை பைட் பைட்டாக ஒப்பிட்டார்கள். 3.8-க்கும் 3.12-க்கும் வேறுபாடே இல்லை. 2.7-இல் மட்டும் ஒரு வரலாற்று நூலில் சில இடங்கள் வேறுபட்டன.

ஹொய்சளர் என்ற சொல்

பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும்: கொ என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். அட்டவணையில் இந்த மூன்றுக்கும் சேர்ந்து ஒரு பதிவு உண்டு. நீளமான பதிவை முதலில் மாற்றுவது லைப்ரரியின் விதி. ஹகரத்துக்கு அந்த மூன்றெழுத்துப் பதிவு விடுபட்டிருந்தது. ஆகவே ஹொ வந்த இடத்தில், கொம்பும் ஹகரமும் சேர்ந்த ஹெ என்ற பதிவும், ஹகரமும் காலும் சேர்ந்த ஹா என்ற பதிவும் ஒரே நீளத்தில் போட்டியிட்டன. எது முன்னால் வருகிறதோ அதுவே வெல்லும். பைத்தான் 3.7 முதல் அட்டவணையில் எழுதிய வரிசை காக்கப்படும் என்ற உறுதி உண்டு. அதன்படி ஹெ முன்னால் வந்து, பின்னால் கால் ஒட்டி, திரையில் ஹொய்சளர் என்றே தெரிந்தது. 2.7-இல் அந்த உறுதி இல்லை. ஹா வென்று, கொம்பு தனித்து நின்று, சொல் சிதைந்தது.

சரியாகத் தெரிந்த பக்கமும் முழுமையாகச் சரியில்லை. ஹொ என்பதில் ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்க வேண்டிய இடத்தில், எகரக் குறியும் கால் குறியும் இரண்டாக இருந்தன. யூனிகோடு இவ்விரண்டு வடிவங்களையும் சமமானவை என்று கொள்கிறது. திரையில் வேறுபாடு இராது. ஆனால் இயல்பாக்கம் (சமமான வடிவங்களை ஒன்றாக்குதல்) செய்யாத தேடலில் ஹொய்சளர் என்று தட்டச்சு செய்தால் அந்த நூலில் ஓரிடம்கூடக் கிடைக்காது. நூலை மின்னூலாக்கியவருக்குத் தேடல்தான் முதன்மையான பயன்.

இந்தத் திருத்தத்தை முதல் வெளியீட்டில் சேர்ப்பதா என்று நீண்ட நேரம் பேசினார்கள். விடுபட்ட பதிவைச் சேர்ப்பது 2.7-க்கு மறுக்க முடியாத திருத்தம், ஆனால் 3.7-க்கு மேல் அது மாற்று உரையின் பைட்டுகளை மாற்றிவிடும். எழுத்தும் மாறக் கூடாது என்று வைத்த விதிக்கு அங்கே விலக்களித்தார்கள். பழைய பதிப்பில் தங்கப்போகிறவர்களுக்கு இதைச் சரிசெய்ய வேறு வாய்ப்பே வராது என்பதே காரணம். மாற்றம் வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியில் எழுதப்பட்டது. நான் அப்போதும் அதை ஆதரித்தேன். விதி பயனருக்காக வைத்தது. மாற்றும் முறையையே இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் செய்யும்படி மாற்றியமைப்பது மட்டும் இரண்டாம் வெளியீட்டுக்குத் தள்ளப்பட்டது.

பின்னர் நடந்தவை

முதல் வெளியீடு வந்ததும், அறிக்கை எழுதியவர் தம் கணினியில் ஓடுவதை உறுதிசெய்தார். பதிப்பகத்தின் பழைய கணினியிலும் அது நிறுவப்பட்டது. அங்கிருந்த பிப் போதிய அளவு புதிதாக இருப்பதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்திருந்தார்கள்.

3.13-இன் முன்னோட்டப் பதிப்புகளிலும் சோதனை ஓட்டும் வழக்கம் அந்தக் கோடையிலேயே தொடங்கியது. ஒரே ஒரு சோதனைதான் விழுந்தது. 3.13 முதல் செயலிகளின் விளக்கச் சரங்களில் வரித் தொடக்க இடைவெளிகளை மொழியே நீக்கிவிடுகிறது. லைப்ரரியின் உதவிக் குறிப்பு அந்தச் சரத்திலிருந்து எடுக்கப்பட்டதால் சோதனை எதிர்பார்த்த உரையோடு பொருந்தவில்லை. பழைய பதிப்புகளிலும் இடைவெளியை நீக்கிக் காட்டும்படி செய்ததில் தீர்ந்தது. 2024 அக்டோபர் 7 அன்று 3.13 வந்தபோது லைப்ரரியில் புதிதாகச் செய்ய எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் வெளியீடு அதன் பிறகு, திட்டமிட்டபடி 3.9-ஐக் குறைந்தபட்சமாகக் கொண்டு வந்தது. பயனர் அட்டவணைகளுக்கு ஜேசன் என்ற தரவுக் கோப்பு வடிவம் அதில் சேர்ந்தது, பைத்தான் கோப்பாக ஏற்றுவது எச்சரிக்கையுடன் தொடர்கிறது.

நடைமுறையில் மாறியவை, மாற வேண்டியவை

எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் சோதனை ஓட்டம் இப்போது நிரந்தரமாக உள்ளது. தொடரியல் எச்சரிக்கைகள் கோப்பு முதன்முறை தொகுக்கப்படும்போது மட்டுமே எழுவதால், சேமித்து வைத்த தொகுப்புகள் இல்லாத புதிய பிரதியில்தான் அது ஓட்டப்படுகிறது. உண்மையான நூல்களின் பகுதிகள், பதிப்பகங்களின் அனுமதியோடு, ஒப்பீட்டுக் கோப்புகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன. கிரந்த எழுத்துகளின் உயிர்மெய் வரிசைகளில் வேறு பதிவுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று அட்டவணைகள் அனைத்தையும் நிரல் வழியே சரிபார்க்கும் பணியும் முடிந்தது. மேலும் சில இடைவெளிகள் கிடைத்து நிரப்பப்பட்டன.

எஞ்சியிருப்பது கோப்பைத் திறக்கும் இடங்கள். குறியாக்கம் எதுவும் குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால், இன்று விண்டோஸில் ஒரு குறியாக்கமும் லினக்ஸில் வேறொன்றும் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பெப் 686-இன்படி 3.15-இல் எல்லா இடத்திலும் யூனிகோடு குறியாக்கமான யூடிஎஃப்-8 இயல்பாகும். எட்டு பிட் எழுத்துருக் கோப்புகளைக் கையாளும் லைப்ரரிக்கு இது நேரடியாகத் தொடர்புடையது: இதுவரை விண்டோஸில் தற்செயலாகச் சரியாகப் படிக்கப்பட்ட கோப்புகள், அதன் பின் முதல் பைட்டிலேயே பிழை தரக்கூடும். 3.10 முதல் பைத்தானில் இத்தகைய இடங்களைச் சுட்டிக்காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கிக் கிடைத்த பட்டியலைப் பராமரிப்பாளர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறார்கள். கட்டளை வரிக் கருவியில் உள்ளவை முடிந்துவிட்டன. பயனர் அட்டவணைகளைப் படிக்கும் பகுதியில் எந்தக் குறியாக்கத்தை இயல்பாக வைப்பது என்பது, அவற்றை எழுதியவர்களிடம் கேட்ட பிறகே முடிவாகும்.